ரிப்பேர் செய்து கொடுப்பது தர்மம் அல்ல, கடன்

போன வாரம் காலை நடை முடிந்து ரயில் நிலையத்துப் பக்கத்து டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். எல்லோருக்கும் கும்மிடிப்பூண்டியில் சொந்த வீடு உண்டு, கூடவே ஒன்றோ இரண்டோ வாடகைப் போர்ஷனும் உண்டு. அதில் ஒருவர் ஒரு கதை சொன்னார். மூன்று வருஷம் குடியிருந்த ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போனதாம். அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகையை 'பெயிண்டிங் சார்ஜ்' என்று பிடித்துக்கொண்டாராம். பாத்ரூம் கதவு உப்பிப் போனதற்கு ஆயிரம், ஒழுகிய பைப்புக்கு ஐந்நூறு என்று மேலும் கழித்து மீதியைக் கொடுத்தாராம்.

"பெயிண்ட் அடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? அடுத்து வர்றது வடக்கத்திப் பசங்க, ஆறு பேரு. அவனுங்களுக்கு எதுக்கு பெயிண்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. அந்த இடத்தில் பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அடிக்காத பெயிண்டுக்குப் பணம் பிடிப்பதற்கு ஒரு பெயர் உண்டு. அவர் நாற்பது வருஷம் அரசு வேலை பார்த்தவர். அந்தப் பெயர் அவருக்கே தெரியும்.

நானும் வீட்டுக்காரன்தான். அவரைவிட நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. என் கதை அவர் கதையைவிட மோசம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீடு 1993-இல் கட்டியது. அலுவலகத்தில் வீட்டுக் கடன் வாங்கி, மனைவியின் நகையையும் வைத்துக் கட்டினேன். கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன். கலவைக்குப் போர் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். நம்மூர் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு கரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பழவேற்காட்டுப் பக்கத்துக் கடல் காற்றும் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்புதான் முதல் எதிரி. துருப்பிடித்த கம்பி உப்பும். இரும்பாக இருந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைக் கீழே தள்ளும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் பத்தை பத்தையாக விழும்.

மாடியில் அப்போது விழுப்புரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர் சிப்காட்டில் ஓர் உருக்காலையில் ஷிப்டு வேலை. மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. 2014-இல் அந்த அம்மா வந்து, "சார், ரூம்ல சீலிங் விரிசல் விட்டிருக்கு, வந்து பாருங்களேன்" என்றார். போய்ப் பார்த்தேன். கொத்தனார் 2,500 ரூபாய் ஆகும் என்றார். "பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை சொன்னார்கள்.

2015 நவம்பர், டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழை முழுக்க மொட்டை மாடியில் தண்ணீர் நின்றது. ஜனவரியில் ஒரு சாயங்காலம் மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அந்தக் குழந்தை தினமும் பாய் விரித்து வீட்டுப்பாடம் எழுதும் இடத்தில் ஒரு கான்கிரீட் பத்தை கிடந்தது. நோட்டு அதன் அடியில் இருந்தது. குழந்தை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு டம்ளர் தண்ணீர்.

அந்தப் பத்தையைக் கீழே எடுத்து வந்து வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்றரைக் கிலோ. ஏன் நிறுத்தேன் என்று கேட்காதீர்கள், எழுத்தர் புத்தி. அன்று ராத்திரி என் டைரியைப் புரட்டினேன். மூன்று இடத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'மாடி சீலிங் விரிசல், பார்க்க வேண்டும்.' அலுவலகத்தில் ஒரு கோப்பு மூன்று மாதம் மேஜையில் தங்கினால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். வீட்டில் என்னிடம் விளக்கம் கேட்க யாரும் இல்லை. அதனால் அந்தக் கோப்பு ஒன்றரை வருஷம் தங்கியது.

அந்தக் குழந்தையின் அப்பா என்னைத் திட்டவில்லை. "மூணு தடவை சொன்னோம் சார்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போனார்கள். 2,500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை 22,000 ரூபாயில் முடிந்தது. அது எனக்கு வலிக்கவில்லை. அவர் என்னைத் திட்டாததுதான் இன்றைக்கும் வலிக்கிறது. ஏன் திட்டவில்லை? ரிப்பேர் என்பது வீட்டுக்காரர் மனது வைத்துச் செய்யும் உபகாரம் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். நான் இங்கே சண்டை போடுவது அந்த நம்பிக்கையோடுதான்.

இது உபகாரம் அல்ல என்பதை நான் சின்ன வயதிலேயே படித்தவன். அதுதான் கூடுதல் வெட்கம். நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒரு 'நொத்தேர்' அலுவலகத்தில் குமாஸ்தா. பத்திரம் எழுதும் இடம். வீட்டில் சிவப்பு அட்டை போட்ட 'கோத் சிவில்' ஒன்று இருக்கும், நெப்போலியன் காலத்தில் 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம். பள்ளியில் 'திக்தே' எழுதும்போது நான் நிறையப் பிழை விடுவேன். அதனால் அப்பா தினமும் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார், நான் எழுத வேண்டும். வாடகை பற்றிய பகுதி அப்படித்தான் மனப்பாடம் ஆனது.

அதில் 1720-ஆவது பிரிவு, வீட்டை எல்லா வகையிலும் நல்ல நிலையில் ஒப்படைப்பதும், குடியிருக்கும் காலம் முழுக்கத் தேவைப்படும் பழுது பார்ப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. குடித்தனக்காரருக்கு உள்ளது சில்லறை வேலைகள் மட்டும். அந்தப் பட்டியல் 1754-ஆவது பிரிவில் இருக்கிறது: சுவரின் அடிப்பாகத்தில் ஒரு மீட்டர் உயரம் வரை பூச்சு, தரையில் உடைந்த ஒன்றிரண்டு கல், ஜன்னல் கண்ணாடி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. கண்ணாடி ஆலங்கட்டி மழையில் உடைந்தால் அதுவும் அவர் தலையில் இல்லை. அடுத்த பிரிவு இன்னும் முக்கியம். இந்தச் சில்லறை வேலைகூட 'வெத்யுஸ்தே', அதாவது பழமையால் வந்த தேய்மானம் என்றால், குடித்தனக்காரர் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் மனிதர்கள் வாழ்ந்த சுவரில் பெயிண்ட் மங்கினால் அது வெத்யுஸ்தே. அதற்கு அட்வான்ஸில் கை வைப்பது அநியாயம்.

குடித்தனக்காரருக்கும் அந்தச் சட்டம் ஒரு வார்த்தை வைத்திருந்தது. வீட்டை 'ஒரு நல்ல குடும்பத் தகப்பனைப் போல' வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. 2014-இல் அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டு 'நியாயமான முறையில்' என்று பிரான்ஸில் மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

"பிரெஞ்சுக்காரன் சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். சரி, நம் சட்டத்துக்கு வருவோம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்ற வரை நம்மில் பலருக்குத் தெரியும். அதன் இரண்டாம் அட்டவணையை எத்தனை பேர் படித்தோம்? ஒரு பக்கம்தான்.

வீட்டுக்காரர் பொறுப்பில் நான்கு விஷயங்கள். ஒன்று, கட்டடத்தின் பழுது, குடித்தனக்காரர் கெடுத்ததைத் தவிர. இரண்டு, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும். மூன்று, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது. நான்கு, உள்ளேயும் வெளியேயும் மின்சார வயரிங். குடித்தனக்காரர் பொறுப்பில் குழாய் வாஷர், குழாய், வடிகால் அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கீஸர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை. வெள்ளையடிப்பு நம் பட்டியலில் இருக்கிறது, பாருங்கள். நாம் காலங்காலமாகப் பிடித்துவரும் பெயிண்டிங் சார்ஜ் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதைச் செய்ய மறுத்தால், குடித்தனக்காரர் தானே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் வாங்குகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் குற்றம்.

இனி டீக்கடையில் அடிக்கடி கேட்கும் வாதங்களைப் பார்ப்போம்.

"வர்ற வாடகையே கொஞ்சம், அதுல ரிப்பேர் எங்கே பார்க்கிறது?" இதை வருமான வரிக் கணக்குத் தெரிந்தவர்களே சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது. வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் நமக்குக் கழிவாகத் தருகிறது. எதற்கு? பழுது, பராமரிப்பு இவற்றுக்கு ஆகும் செலவை ஈடுகட்டத்தான். பில் கேட்பதில்லை. ஒரு ஆணி அடிக்காவிட்டாலும் 30 சதவீதம் உண்டு. இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் வந்தால் வருஷத்துக்கு 1,44,000. அதில் 30 சதவீதம் ஏறக்குறைய 43,000. ரிப்பேருக்கு என்று வரிக் கணக்கில் 43,000 கழித்துக்கொண்டு, மாடியில் ஒழுகினால் "பணம் இல்லை" என்றால் யாரை ஏமாற்றுகிறோம்?

"சரி பண்ணிக் கொடுத்தா காலி பண்ண மாட்டான்." காலி செய்ய வேண்டுமானால் அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒழுகவிட்டுத் துரத்துவது வழி இல்லை. அதோடு, சொந்தக் கூரையை அழித்து ஆளைத் துரத்துபவனைப் போல் முட்டாள் உண்டா? ஆள் போய்விடுவான், கூரை நம் தலைமேல்தான் இருக்கும்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு ஆறாதது. "வடக்கத்திப் பசங்களுக்கு எதுக்கு?" சிப்காட் இல்லாவிட்டால் நம் போர்ஷன்களுக்கு இந்த வாடகை வருமா என்று யோசியுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து உருக்காலையில் வேகும் பையன்கள் ஒரு அறையில் ஆறு பேர், எட்டு பேர் படுக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். குடும்பம் கொடுக்கும் வாடகையைவிட அது கூடுதல். கூடுதலாக வாங்குகிற இடத்தில் வசதியைக் குறைப்பது எந்த ஊர் வியாபாரம்? அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சட்டம் தெரியாது, மேஸ்திரி சொன்னால் ஒரே ராத்திரியில் அறையை விட்டுப் போக வேண்டும். கேட்க ஆள் இல்லை என்பதால்தான் செய்கிறோம். இதில் மொழியும் இல்லை, ஊரும் இல்லை. சென்னையில் 1970-களில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பாண்டிச்சேரிக்காரன், குடிப்பான்" என்று சொல்லி எனக்கு இரண்டு இடத்தில் அறை தர மறுத்தார்கள். இத்தனைக்கும் நான் காபிகூடக் குடிப்பதில்லை. அது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பையன்களுக்கும் நம் சுவர்கள் நினைவிருக்கும்.

எட்டுப் பேர் இருந்தால் இன்னொன்று நிறையும். செப்டிக் டேங்க். ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியை இரண்டு அறைக்குப் பதினாறு பேர் பயன்படுத்தினால் சீக்கிரம்தான் நிறையும். அது தொட்டியின் குற்றமும் இல்லை, பையன்களின் குற்றமும் இல்லை. ஆள் சேர்த்தது நாம். வடிகால் அடைப்பு குடித்தனக்காரர் பொறுப்பு என்று அட்டவணையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, தொட்டியையும் அவர்கள் தலையில் கட்டுகிறோம். கிணறு தூர்வாருவதும் மலக்குழி காலி செய்வதும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1804-லேயே அந்தச் சிவப்புப் புத்தகம் எழுதிவிட்டது.

காசு மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். பையன்கள் தலைக்கு நூறு போட்டு, லாரிக்குப் பணம் போதாமல், மூடியைத் திறந்து யாரையாவது உள்ளே இறக்கினால் என்ன ஆகும்? தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மூச்சு இரண்டு இழுப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவனையும் சாய்க்கும். தமிழ்நாட்டில் இப்படி எத்தனை செய்தி படித்துவிட்டோம். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பணியில் அமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் வருஷச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொட்டியில் இறக்கக் கூடாது என்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. "நான் அனுப்பவில்லை, குடித்தனக்காரன் அனுப்பினான்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்களா? தப்பித்தாலும், அந்த மூடியைத் தினமும் தாண்டித்தானே வீட்டுக்குள் போக வேண்டும்? தொட்டியை லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டும். செலவு நம்முடையது.

குடித்தனக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கழிப்பறைக்குள் துணி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் சோற்றைக் கொட்டி அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ரூபாய் வாஷருக்கு ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டியவரும் உண்டு. அட்டவணை அதற்குத்தான். வாஷர் அவருடையது, குழாய் லைன் என்னுடையது. சுவிட்ச் அவருடையது, வயரிங் என்னுடையது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து இரண்டு போர்ஷனிலும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். பெயிண்டிங் சார்ஜ் வாங்குவதில்லை. அன்றிலிருந்து வாய்ச் சண்டை பாதி குறைந்தது.

2016-க்குப் பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன், பெருமைக்கு அல்ல. குடி வரும் அன்று இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, விரிசல், கறை, குழாய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். போனில் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்புகிறேன். போகும்போது அந்தத் தாள்தான் சாட்சி. ஒவ்வொரு போர்ஷனிலும் வருஷத்துக்கு ஒரு மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன், அது என் பணம் இல்லை, வீட்டின் பணம். ஆடி முடிந்ததும் கொத்தனாரோடு மொட்டை மாடி ஏறி, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாயில் இலையும் சிப்காட் கரித்தூளும் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, இரண்டு போர்ஷனுக்கும் ஷாக் அடித்தால் லைன் விழுகிற ஈ.எல்.சி.பி. போட்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் மாடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

யாராவது வந்து "சார், இங்கே ஒரு விரிசல்" என்று சொன்னால், டைரியில் எழுதிவிட்டு அதற்கு நேரே ஒரு தேதியும் போடுகிறேன். அந்தத் தேதி தாண்டக் கூடாது. வேலையில் இருந்தபோது இப்படி இருந்திருந்தால் எனக்கு இன்னொரு பதவி உயர்வு கிடைத்திருக்கும் என்று மனைவி சொல்கிறாள்.

டீக்கடை நண்பருக்கு: அந்த ஒரு மாத வாடகையை விழுங்கிவிட்டீர்கள், இருக்கட்டும். அதில் பாதிக்குப் பெயிண்ட் வாங்கி, ஆறு பையன்கள் வருவதற்கு முன்னால் அந்த அறைக்கு அடித்துக் கொடுங்கள். அடிக்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து சீலிங்கையும் பாருங்கள். என் வீட்டில் விழுந்த அந்த மூன்றரைக் கிலோ பத்தை இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து தூக்கிப் பாருங்கள்.